டியூப் இருப்பதாகச் சொன்ன பை

பிப்ரவரி 2, ஞாயிறு

லீவு கிடைத்துவிட்டது. ஒன்பது நாள். லேப் டாக்டர் என்னை ஏதோ ஆபரேஷனுக்குப் போகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சைக்கிள்ல ஊர் சுத்தப் போறோம் சார்" என்றேன். "சைக்கிள்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பன்னிரண்டு வருஷமாக அங்கே ரத்தம் எடுக்கிறேன், இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் லீவு கேட்டதே இல்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நானும் இவரும் மட்டும் எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி. இவருக்குச் சுகர் வந்து, டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லி, இவர் ஓட்டுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, நாற்பத்திரண்டு வயதில் காலேஜ் கிரவுண்டில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இவர் என் தலையில் கை வைக்கப் போனார், வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றேன். சொன்னார்.

ஃபிரிட்ஜ் கதவில் மேப் ஒட்டியிருக்கிறது. சிவப்பு மையில் வழி போட்டது இவர்தான். நவம்பரில் போட்ட வழியில் கரைவெட்டி ஏரி இருந்தது. நான் கேட்டு வாங்கிய ஒரே இடம் அது. பட்டைத்தலை வாத்து பார்க்க வேண்டும் எனக்கு. பொங்கலுக்கு அப்புறம் வழியை மாற்றிவிட்டார். எறையூர், லப்பைக்குடிக்காடு, செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், கடைசியில் கங்கைகொண்ட சோழபுரம். "கரைவெட்டி சுத்து வழி வேம்பு, டைம் இருந்தா கடைசில பாப்போம்" என்றார். சரி என்றேன். வழி போடுவதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய். எறையூர்

முதல் நாள். முப்பத்தொரு கிலோமீட்டர்! நான்!

வாலிகண்டபுரத்தில் கோவில் வாசலில் இட்லி. ரஞ்சன்குடிக் கோட்டை மேல் ஏறி நின்றபோது காற்று சேலையைப் பிடுங்கியது. ஹைவேயை விட்டு உள்ளே திரும்பியதும் இரண்டு பக்கமும் கரும்பு. டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டும்போது மேலே உட்கார்ந்திருந்த பெண்கள் "ஏக்கா, எங்கக்கா போறீங்க?" என்று கத்தினார்கள். "சும்மா!" என்று நானும் கத்தினேன். சும்மா போகிறேன் என்று என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

இவர் எப்போதும் முன்னால். நான் பின்னால். பரவாயில்லை. ஆனால் என் இடது பக்கத்துப் பை கனமோ கனம். டியூப், பம்ப், ஸ்பேனர் எல்லாம் அதில்தானாம். "திறக்காத, கிரீஸ் கையில ஒட்டும்" என்று கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். மேடு வரும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது.

ராத்தங்கல் இவரோடு படித்தவரின் சர்க்கரை ஆலைக் குவார்ட்டர்ஸில். சாயங்காலம், "இங்கதான் பூமாலை சித்தப்பா வூடு, அஞ்சு நிமிஷம், எட்டிப் பாத்துட்டு..." என்று இழுத்தார். பார்த்தேன். அடங்கிவிட்டார். இவர் தம்பி கிருஷ்ணமூர்த்தி மூன்று தடவை போன் செய்தான். வெளியே போய்ப் பேசினார்.

பிப்ரவரி 5, புதன். திட்டக்குடி

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலை ஒன்பதரை. லப்பைக்குடிக்காட்டுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது என் பின் டயரில் கருவேல முள். இவர் வழக்கம்போல முன்னால், கண்ணுக்குத் தெரியவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. சரி, பங்க்சர் போடத்தான் எனக்கும் தெரியுமே, டியூபும் என்னிடம்தானே இருக்கிறது என்று கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

டியூப் இல்லை. பம்ப் இல்லை. ஸ்பேனரும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை. கட்டுக் கட்டாகப் பாலிதீன் கவரில் சுற்றி. நாற்பத்து மூன்று. அடியில் ஒரு கிலோ கற்கண்டு, மஞ்சள், குங்குமப் பொட்டலம், வெள்ளிச் சிமிழ். சிமிழ் என்னுடையது! என் பீரோவில் இருந்தது!

செல்வி சிந்து. கிருஷ்ணமூர்த்தி – பாக்யலட்சுமியின் மகள். மார்ச் பதினாறு.

ஒவ்வொரு கவரிலும் பெயரும் ஊரும் எழுதி, ஊர்வாரியாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எறையூர் மூன்று. லப்பைக்குடிக்காட்டில் கிருஷ்ணமூர்த்திக்கு வேண்டிய ஜவுளிக்கடை பாய்க்கு ஒன்று. செந்துறை ஐந்து. ஆண்டிமடம் எட்டு...

அந்த மண் ரோட்டில் நின்று படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. வரிசை தெரிந்த வரிசை. என் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற வரிசை. மூணு வாரமா அந்தச் சிவப்புக் கோட்டை நான் தடவித் தடவிப் பாத்தேனே, அது எங்க டூருக்குப் போட்ட வழியே இல்ல. இவரு தம்பி குடுத்த லிஸ்ட்டு. கரைவெட்டில சொந்தக்காரன் எவனும் இல்ல, அதனால கரைவெட்டி சுத்து வழி!

கரும்பு இறக்கிவிட்டுக் காலி டிராக்டரில் திரும்பி வந்த ஒருவர் நிறுத்தினார். பாவாடை என்று பெயர் சொன்னார். சைக்கிளைத் தூக்கி டிரெய்லரில் போட்டார். "அழுவாதீங்கம்மா, பஞ்சர்தானே" என்றார். "பஞ்சருக்கு அழுவலண்ணே" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி இவர் எதிரே வந்தார், டிராக்டர் மேல் மடியில் பத்திரிகைக் கட்டோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கக்கூட மறந்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றார்.

"சொன்னா வரமாட்டே, அதான்..."

"சொல்லாம கூட்டிட்டு வந்தா?"

"ரெண்டு பேரும் ஜோடியா நின்னு வெச்சாத்தான் மரியாதை வேம்பு. மண்டபம், நகைன்னு அவங்க அலையறாங்க. எப்படியும் நாம அந்தப் பக்கந்தான் போறோமேன்னு..."

எப்படியும் போறோமாம்! பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை போவது, எப்படியும் போவதாம். அதையும் என் சைக்கிளிலேயே கட்டி, என் காலாலேயே மிதிக்க வைத்து!

லப்பைக்குடிக்காட்டில் சைக்கிள் கடை பாய் முள்ளை எடுத்துக் காட்டினார், இரண்டு அங்குலம். "மாஷா அல்லாஹ், இத வெச்சுக்கிட்டா வந்தீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுளிக்கடைக்கு இவர் தனியாகப் போய் வைத்துவிட்டு வந்தார். நான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து இங்கே ரூம் எடுத்தேன். பின்னாலேயே வந்தார்.

பிப்ரவரி 6, வியாழன், விடிகாலை

சைக்கிள் எடுக்கும் முன் இதை எழுதிவிட வேண்டும்.

சிந்து வயசுக்கு வந்து ஒன்பது வருஷம். மஞ்சள் நீராட்டு. எனக்குக் குழந்தை இல்லை, அவள் என்றால் உயிர். ஆலத்தி கரைத்தது நான். தட்டைக் கையில் எடுத்து நிற்கும்போது பாக்யலட்சுமி வந்து, "நீங்க இருங்கக்கா, வேற யாராச்சும் சுத்தட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் சொன்னாள். நாற்பது பேருக்கும் கேட்டது. குழந்தை பெறாதவள் சுற்றக் கூடாதாம். கரைக்கலாமாம், சுற்றத்தான் கூடாதாம்.

இவர் அங்கேதான் நின்றார். தட்டைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார்.

அந்த வீட்டுக்கு அதன் பிறகு நான் போகவில்லை. சொந்தக்காரர் வாசலே வேண்டாம் என்றதும் அதனால்தான். இவருக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான கயிறு போட்டுக் கட்டினாரு?

ஆலத்தி சுத்த ஆகாத கை பத்திரிகை வைக்க மட்டும் ஆகுமா?

பிப்ரவரி 6, வியாழன். அரியலூர்

தனியாக வந்து சேர்ந்தேன்.

காலையில் கிளம்பும்போது கெஞ்சினார். "செந்துறைல வீரம்மா அத்தை வூடு ஒண்ணு மட்டும். அவங்க கோவிச்சுக்கிட்டா கல்யாணமே கலகலத்துடும். நீ பக்கத்துல நின்னா போதும்." வழியெல்லாம் யோசித்துக்கொண்டே மிதித்தேன். கல்யாணம் சிந்துவுக்கு. அவள் என்ன பாவம் செய்தாள்? சரி, ஒன்றே ஒன்று என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போனோம். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. இவர் தட்டை நீட்டினார், நான் சிமிழை நீட்டினேன். வீரம்மாள் அத்தை எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மருமகள் வந்தாள், ஏழு மாசம், முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்துக் குனிந்து நெற்றியைக் காட்டினாள், வைத்து விடச் சொல்லி. என் விரல் சிமிழுக்குப் போகும் முன்னால் அத்தை குறுக்கே வந்து, "நீ உள்ள போம்மா, வெயில்ல நிக்காத" என்றார்.

வெயிலா? நாங்கள் நின்றது கூடத்தில். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் காபியைப் பார்த்தார்.

அவ்வளவுதான். சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். என் சைக்கிளிலிருந்து அந்தப் பையை அவிழ்த்து அவர் சைக்கிளில் மாட்டினேன். அவர் பையிலிருந்து டியூப், பம்ப், ஸ்பேனரை எடுத்து என் பையில் போட்டேன். பின்னாலேயே வந்தார். "வேம்பு, எங்க போற? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னைக்கும்தான் பாத்தாங்க."

ஏறி மிதித்தேன். கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது, சேலையிலேயே துடைத்துக்கொண்டேன். பின்னால் வருகிறாரா என்று ஊர் எல்லை வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எல்லை தாண்டியதும் திரும்பினேன். வரவில்லை.

அரியலூர் ரோடு நரகம். சுண்ணாம்புக்கல் லாரி ஒவ்வொன்றும் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளுகிறது. தலை, புருவம், பல்லெல்லாம் வெள்ளைத் தூசி. அந்தத் தூசிக்குள் சத்தம் போட்டு அழுதேன், லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பாதி தூரம் அழுகை, மீதி தூரம் கெட்ட வார்த்தை. எனக்கு இத்தனை கெட்ட வார்த்தை தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

லாட்ஜில் கவுண்டர் ஆள், "கூட யாரும்மா?" என்றான். "சைக்கிள்" என்றேன். ஆதார் கார்டை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சாவி கொடுத்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

கரைவெட்டி.

இருட்டோடு கிளம்பி, கீழப்பழூர் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போய் ஏரிக்கரை ஏறும்போது ஏழரை. தண்ணீர் முழுக்கப் பறவை. பார்க்க வந்தது அதோ, தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு ஒரு கூட்டம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருமாம் இதுகள். ஜோடி ஜோடியாக மேய்ந்துகொண்டிருந்தன. வரும் வழியில் யாருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு வந்த மாதிரித் தெரியவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "ஏங்க, அங்க பாருங்க" என்று சொல்லக் கை நீளுகிறது, பக்கத்தில் ஆள் இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது. இதைக்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லை பார்.

போனில் அவர் மெசேஜ் பதினொன்று. படிக்கவில்லை.

பன்னிரண்டாவது வந்தது, படித்தேன். "செந்துறையில் மீதி நாலு வீட்டுக்கும் தனியாகப் போனேன். எங்கே அவங்க என்று எல்லாரும் கேட்டார்கள். வேம்பு, நீ நாளைக்கு எங்கே இருப்பாய்?"

"கரைவெட்டி" என்று மட்டும் அனுப்பினேன். வா என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

ராத்திரி லாட்ஜுக்குப் போய்விட்டு விடிந்ததும் மறுபடி ஏரிக்கு வந்திருந்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு இவர் வந்தார். ஏரிக்கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்டி, உதடு வெடித்து. சுகர்காரர், காலையில் என்ன சாப்பிட்டாரோ. கேட்கவில்லை. பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன், அது வேறு விஷயம்.

அந்தப் பை மடிந்து தொங்கியது. காலி.

நேற்று செந்துறையிலிருந்து நேரே ஜெயங்கொண்டம் போயிருக்கிறார், தம்பி வீட்டுக்கு. மீதிப் பத்திரிகை முழுக்க மேஜையில் வைத்திருக்கிறார். கிருஷ்ணமூர்த்தி குதித்திருக்கிறான். "ஒத்துக்கிட்டுப் போயிட்டு இப்பப் பாதில வந்து வெக்கறியேண்ணே, அண்ணிக்கு என்ன வந்துச்சு?"

இவர் சொன்னதை இவர் வாயாலேயே கேட்டேன், இரண்டு தடவை சொல்லச் சொல்லி. "எங்களுக்கே நீ இன்னும் பத்திரிகை வெக்கலையேடா. அழைக்காத கல்யாணத்துக்கு நாங்க எப்படி ஊரை அழைக்கறது?"

நம்ம வீட்டுக் கல்யாணம், நமக்குள்ள எதுக்குப் பத்திரிகை என்றானாம். பாக்யலட்சுமி அடுப்படி வாசலில் நின்றாளாம். அவளைப் பார்த்து இவர், "அன்னைக்குத் தட்டை வாங்கினியே, அது எனக்குத் தெரியும்மா. தெரியாத மாதிரி நின்னது என் தப்பு. இனிமே நிக்க மாட்டேன்" என்றாராம்.

நல்லாத்தான் கேட்டிருக்கார். ஒன்பது வருஷம் லேட்டு.

அதையும் சொன்னேன். "ஆமா" என்றார். நியாயப்படுத்தவில்லை. நியாயப்படுத்தியிருந்தால் ஏரியில் தள்ளியிருப்பேன்.

"நீங்க பொய் சொன்னதுதான் எனக்கு ஆறல. அவங்க செஞ்சது அவங்க புத்தி. மேப்பு போட்டது நீங்க."

"ஆமா" என்றார் மறுபடியும். அப்புறம் பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, "எதுடி பட்டைத்தலை?" என்று கேட்டார். காட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கே திரும்பிவிட்டோம். நான்தான் முன்னால் ஓட்டினேன். எனக்குப் போதும் என்றேன், மூன்று நாள் லீவு மிச்சம். கங்கைகொண்ட சோழபுரம் போகவில்லை. கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜில் இருந்த மேப்பைக் கிழித்தேன். அவர் துடைப்பம் எடுத்து வந்து கூட்டி அள்ளினார்.

பிப்ரவரி 10, திங்கள்

பாக்யலட்சுமி யாரிடமோ சொன்னது சுற்றி வந்து என் காதில் விழுந்தது. "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதுல திமிர் ஏறிப் போச்சு."

ஏறித்தான் போச்சு. இப்ப என்ன?

பிப்ரவரி 13, வியாழன்

சிந்து போன் செய்தாள். "பெரியம்மா, நீங்க வரலைன்னா நான் மணவறைல ஏற மாட்டேன்" என்று அழுதாள். அதெல்லாம் ஏறுவே, போடி என்றேன். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். அவளுக்காகப் போகலாம். ஆனால் அழைக்காமல் போக மாட்டேன். இதில் இறங்கி வருவதாக இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தார்கள். கிருஷ்ணமூர்த்தியும் அவளும், ஜோடியாக. பட்டுச் சேலை, தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, மேலே பத்திரிகை. நாங்கள் கிழக்குப் பார்த்து நின்றோம். கவரில் "வேம்பு – இளவரசன்" என்று எழுதியிருந்தது. கிருஷ்ணமூர்த்தியின் கோழிக் கிறுக்கல்தான். என் பெயர் முன்னால்.

"அண்ணி, அவசியம் வந்துடணும்" என்றான். தலையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

அவள் குங்குமச் சிமிழை நீட்டினாள். எடுத்து வைத்துக்கொண்டு வழியனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. சிமிழை அவள் கையிலிருந்து வாங்கினேன். விரலில் தொட்டு, முதலில் அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

அவள் தலை ஒரு நொடி பின்னால் போனது. நான் கையை இறக்கவில்லை. பக்கத்தில் இவர் நிற்கிறார், ஃபேனையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "வெச்சுக்கம்மா" என்றார்.

நெற்றி திரும்பி வந்தது. வைத்து விட்டேன். அப்புறம் நான் வைத்துக்கொண்டேன்.

ஆலத்தியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் பாத்திரம் கழுவும்போது கோபம் மறுபடி வந்தது, ஆனால் முன்னளவுக்கு இல்லை.

மார்ச் 13, வியாழன்

நாளை விடியலில் ஜெயங்கொண்டம் கிளம்புகிறோம், சைக்கிளில். நாளைக்கு அரியலூரில் தங்கல், அதே லாட்ஜ். கல்யாணம் முடிந்ததும் அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். வழி போட்டது நான்.

என் பை இரண்டையும் நானே கட்டினேன். சிந்துவுக்கு எடுத்த சேலையை நடுவில் வைத்துச் சுற்றித் துணி அடைத்தேன். அவர் தன் பையைக் கட்டும்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கி என்னிடம் காட்டினார். டியூப். பம்ப். ஸ்பேனர். மாத்திரை டப்பா. இரண்டு வேட்டி. நான் தலையாட்டியதும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்.

கயிறு கட்டவில்லை. திறந்தபடியே வாசல் பக்கம் வைத்திருக்கிறார்.